பக்கத்துத் தெரு முதியோர் குடியிருப்பை இடித்துக் கட்டப்போகிறார்கள்: ஹியரிங்குக்கு முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் சொந்த வீட்டில் இருப்பவர்களுக்கு என்றாவது ஒருநாள் நகராட்சியிலிருந்து இப்படி ஒரு அட்டை தபாலில் வரும்: இன்ன முகவரியில் உள்ள பழைய முதியோர் குடியிருப்பை இடித்துவிட்டு, குறைந்த வருமானமுள்ள முதியோருக்காகப் புதிய அடுக்ககம் கட்ட விண்ணப்பம் வந்திருக்கிறது, இத்தனை மாடி, இந்தத் தேதியில் ஹியரிங் (பொதுமக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம்), கருத்துச் சொல்ல விரும்புவோர் சொல்லலாம். அட்டை வந்த மறுநாளே தெருவில் வதந்தி ஓட ஆரம்பித்துவிடும். அப்போது நம்மவர்கள் கேட்கும் கேள்விகள் கீழே. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு என்பதால் எது மத்திய சட்டம், எது மாநிலச் சட்டம் என்று ஆங்காங்கே சொல்லியிருக்கிறேன்.

நிறையப் பேர் போய் எதிர்த்தால் திட்டம் நின்றுவிடுமா?

பெரும்பாலும் நிற்காது. ஹியரிங் ஓட்டெடுப்பு அல்ல. இந்த விண்ணப்பம் விதிகளுக்குப் பொருந்துகிறதா, பொருந்தவில்லை என்றால் எந்த நிபந்தனையோடு அனுமதிக்கலாம் என்றுதான் கட்டட விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் நகராட்சிக் குழுவான பிளானிங் கமிஷன் பார்க்கிறது. அந்த இடத்தின் ஜோனிங்கையே, அதாவது அங்கே என்ன, எவ்வளவு கட்டலாம் என்ற நில விதியையே, மாற்றவேண்டிய திட்டம் என்றால் சிட்டி கவுன்சிலுக்கு மறுக்க நிறைய இடம் உண்டு. ஏற்கெனவே இருக்கும் ஜோனிங்குக்குள் அடங்கும் திட்டம் என்றால் அந்த இடம் ரொம்பக் குறுகிவிடும்.

கலிபோர்னியாவில் 1982-லிருந்து இருக்கும் ஒரு சட்டப்படி, விதிகளுக்குப் பொருந்தும் வீட்டுத் திட்டத்தை மறுக்க வேண்டுமானால் பொதுச் சுகாதாரத்துக்கோ பாதுகாப்புக்கோ குறிப்பான கேடு வரும் என்று ஆதாரத்தோடு எழுதி வைக்க வேண்டும். ‘தெருவின் தன்மை கெட்டுவிடும்’ என்பதெல்லாம் அதில் சேராது. 2019-ல் வந்த எஸ்.பி. 330 என்ற மாநிலச் சட்டம் இப்படிப்பட்ட திட்டத்துக்கு மொத்தம் 5 ஹியரிங்தான் என்று வரம்பும் போட்டுவிட்டது. 2017-ல் வந்த எஸ்.பி. 35 சில ஊர்களில் ஹியரிங்கே இல்லாமல் அனுமதி தர வழி செய்தது, ஆனால் சமீபத்தில் வாடகைக்கு ஆள் இருந்த வீட்டை இடித்துக் கட்டும் திட்டத்துக்கு அந்தக் குறுக்குவழி கிடையாது. நியாயம்தான், குடியிருப்பவர்களின் தலைக்கு மேல் முடிவெடுக்கும்போது யாராவது ஒருவராவது வாய் திறக்க இடம் வேண்டுமல்லவா. மாசசூசெட்ஸில் 1969-லிருந்து 40பி என்ற சட்டம் இருக்கிறது: ஊரின் மொத்த வீடுகளில் மானிய வீடுகள் 10 சதவீதத்தை எட்டவில்லை என்றால், உள்ளூர் வாரியம் மறுத்தாலும் டெவலப்பர் மாநில அளவில் மேல்முறையீடு செய்யலாம்.

அப்படியானால் எதிர்ப்பால் எந்தத் திட்டமும் நின்றதே இல்லையா?

நின்றிருக்கிறது. கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் மேபெல் அவென்யூ பழத்தோட்ட இடத்தில் 60 முதியோர் வீடுகளும் அதனுடன் 12 தனி வீடுகளும் கட்ட 2013-ல் சிட்டி கவுன்சில் ஜோனிங்கை மாற்றிக் கொடுத்தது. அக்கம்பக்கத்தார் கையெழுத்துத் திரட்டி அதைப் பொது வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனார்கள், அந்த ஆண்டு நவம்பரில் ‘மெஷர் டி’ என்ற அந்த வாக்கெடுப்பில் ஜோனிங் மாற்றம் தோற்றது. முதியோர் வீடுகள் வரவில்லை. இடம் விற்கப்பட்டு, சந்தை விலைத் தனி வீடுகள் வந்தன. ட்ராஃபிக்கும் கட்டட அடர்த்தியும்தான் பிரச்சினை என்று சொன்னவர்களுக்கு அது வெற்றியாக இருக்கலாம். அந்த ஊரிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்று வாடகை கட்ட முடியாமல் இருப்பவர்களைக் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வார்கள்.

நியூயார்க்கில் எலிசபெத் ஸ்ட்ரீட் தோட்டத்தின் கதை இன்னும் நீளம். மன்ஹாட்டனில் நகராட்சிக்குச் சொந்தமான அந்த நிலத்தில் ‘ஹேவன் கிரீன்’ என்ற பெயரில் 123 முதியோர் வீடுகள் கட்ட 2019-ல் நகர மன்றம் ஒப்புதல் கொடுத்தது. வழக்கு போட்டார்கள். 2024-ல் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் நகராட்சி பக்கமே தீர்ப்புச் சொன்னது. அதற்கப்புறமும் 2025 ஜூனில் மேயர் நிர்வாகம் திட்டத்தைக் கைவிட்டு, பக்கத்திலேயே வேறு இடங்களில் அதைவிட அதிக வீடுகள் கட்டிக்கொள்ளலாம் என்று உள்ளூர் கவுன்சில் உறுப்பினரோடு உடன்பாடு செய்துகொண்டது. சட்டப்படி ஜெயித்தும் திட்டம் போனது அரசியலால்தான்.

இந்த இரண்டுமே தோட்ட நிலத்தில் புதிதாகக் கட்ட நினைத்த திட்டங்கள். உங்கள் தெருவில் இருப்பது ஏற்கெனவே வயதானவர்கள் வாழும் கட்டடம். அதை நிறுத்தினால் அங்கே தோட்டம் மிஞ்சாது, ஓட்டை ஒழுகலோடு அதே பழைய கட்டடம்தான் மிஞ்சும்.

ஏன் இடிக்க வேண்டும்? ரிப்பேர் பண்ணினால் போதாதா?

சில இடங்களில் போதும், கேட்க வேண்டிய கேள்வியும்தான். ஆனால் இந்தக் கட்டடங்களில் பல, முதியோர் வீடுகளுக்காகவே 1959-ல் சட்டமான ‘செக்‌ஷன் 202’ திட்டத்தின் முதல் சில பத்தாண்டுகளில் எழுந்தவை. அன்றைக்கு 65 வயதில் நடமாட்டத்தோடு வருபவரை மனதில் வைத்துக் கட்டினார்கள், இன்றைக்கு அங்கே இருப்பவருக்கு 85. ஒற்றை அறை வீடு, சக்கர நாற்காலி திரும்ப முடியாத குளியலறை, ஸ்ட்ரெச்சர் நுழையாத லிஃப்ட், சில இடங்களில் லிஃப்டே இல்லாத இரண்டு மாடி. சுவரைத் தொட்டால் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் ரிப்பேருக்கே பெரிய செலவு.

இன்னொரு காரணம் யாரும் மேடையில் உரக்கச் சொல்வதில்லை: பணம். சின்ன ரிப்பேருக்கு நிதி திரட்டுவது கடினம், அதே இடத்தில் வீடுகளின் எண்ணிக்கையைக் கூட்டிப் புதிதாகக் கட்டினால், குறைந்த வருமான வீடுகளுக்கு மத்திய அரசு தரும் வரிச் சலுகைக்காக முதலீடு வரும். அதனால்தான் 40 வீடு இருந்த இடத்தில் 100 என்று வரைபடம் வருகிறது.

இப்போது அங்கே இருப்பவர்கள் எங்கே போவார்கள்?

என்னைக் கேட்டால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ஹியரிங்கில் கடைசியாகத்தான் வரும், வந்தால்.

பதில் எந்தப் பணத்தில் கட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. மத்திய அரசின் நிதி உதவி நேரடியாக உள்ளே வந்தால் 1970-ன் சீரான இடமாற்றச் சட்டம் பொருந்தும். அதன்படி நிரந்தரமாக வெளியேற வேண்டியவருக்குக் குறைந்தது 90 நாள் முன்னறிவிப்பு, ஒப்பிடத்தக்க வேறு வீடு காட்டுவது, சாமான் மாற்றும் செலவு, புது வாடகைக்கும் பழைய வாடகைக்கும் உள்ள வித்தியாசத்தை 42 மாதக் கணக்கில் ஈடுசெய்வது எல்லாம் உண்டு. தற்காலிகமாகத்தான் மாற்றுகிறோம் என்று சொல்லி ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தால், நிரந்தரமாக வெளியேற்றப்பட்டவருக்கு உள்ள உதவியை அவருக்கும் முன்வைக்க வேண்டும். வெறும் வரிச் சலுகையில் மட்டும் கட்டினால் இந்தச் சட்டம் தானாக ஒட்டிக்கொள்ளாது. ஆகவே ‘இதில் எந்தெந்த அரசுப் பணம் இருக்கிறது?’ என்று கேட்பது கணக்கு வழக்கு சம்பந்தப்பட்ட கேள்வி மாதிரித் தெரியும், உண்மையில் அது அந்தப் பாட்டி எங்கே தூங்கப்போகிறார் என்ற கேள்வி.

அரசு வீட்டு வாரியக் கட்டடங்களையும் சில செக்‌ஷன் 202 கட்டடங்களையும் ‘ராட்’ என்ற மத்திய திட்டத்தின் கீழ் மாற்றிக் கட்டுகிறார்கள். அதில் பழைய குடியிருப்பாளருக்குத் திரும்பி வரும் உரிமை உண்டு, திரும்பும்போது புதிதாக வருமானச் சோதனை, பழைய கடன் சோதனை என்று வடிகட்டக் கூடாது. கலிபோர்னியாவின் எஸ்.பி. 330 இடிக்கப்படும் பாதுகாக்கப்பட்ட வீடுகளுக்கு (வாடகைக் கட்டுப்பாடோ குறைந்த வருமானக் குடியிருப்பாளரோ உள்ளவை) ஈடாக வீடு கட்டவேண்டும் என்றும், குறைந்த வருமானக் குடியிருப்பாளருக்குத் தாங்கக்கூடிய வாடகையில் முதல் வாய்ப்புத் தரவேண்டும் என்றும் சொல்கிறது.

காகிதத்தில் உரிமை இருப்பது வேறு, 82 வயதில் இரண்டு முறை வீடு மாறுவது வேறு. டாக்டர், மருந்துக்கடை, பேசிப் பழகிய பக்கத்து வீட்டுக்காரர் எல்லாம் ஒரே நாளில் பத்து மைல் தள்ளிப் போய்விடும். ஆகவே நல்ல திட்டங்கள் காலி இடத்திலோ வாகன நிறுத்தத்திலோ முதல் கட்டடத்தைக் கட்டி முடித்து, ஆட்களை அங்கே மாற்றிவிட்டு, அப்புறம் பழையதை இடிக்கும். அது முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் ஏன் என்று வரைபடத்தை வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

புதுக் கட்டடத்தில் வாடகை எவ்வளவு இருக்கும்?

எல்லாரும் ‘வருமானத்தில் 30 சதவீதம்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். பாதிதான் உண்மை.

செக்‌ஷன் 8 என்ற மத்திய வாடகை உதவியோ இன்றைய செக்‌ஷன் 202 வாடகை உதவியோ உள்ள வீட்டில் குடியிருப்பவர் கட்டுவது பொதுவாக அவருடைய சொந்த வருமானத்தில், சில கழிவுகள் போக, 30 சதவீதம். ஓய்வூதியம் குறைந்தால் வாடகையும் குறையும். 1986-ல் வந்த குறைந்த வருமான வீட்டு வரிச் சலுகையில் கட்டிய வீட்டில் கதை வேறு. அங்கே வாடகையின் உச்சவரம்பு வட்டார இடைநிலை வருமானத்தின், அதாவது ஏ.எம்.ஐ.யின், ஒரு பங்கைவைத்துக் கணக்கிடப்படுகிறது, 50 அல்லது 60 சதவீதம் என்று. குடியிருப்பவரின் கையில் வருவது எவ்வளவு என்று அது பார்ப்பதில்லை. ஏ.எம்.ஐ. உயரமாக இருக்கும் ஊரில் சோஷியல் செக்யூரிட்டி மட்டும் நம்பி வாழ்பவருக்கு ‘60 சதவீத’ வீட்டின் வாடகை எட்டாமலே போகலாம்.

ஆக, மொத்தம் எத்தனை வீடுகள் என்பதோடு நிறுத்தாமல், அதில் எத்தனைக்கு வாடகை உதவி ஒப்பந்தம் இருக்கிறது, 30 சதவீத ஏ.எம்.ஐ. அளவில் எத்தனை இருக்கின்றன என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்கு டெவலப்பர் தரும் பதிலை வைத்தே திட்டத்தின் தரத்தைப் பாதி எடைபோட்டுவிடலாம்.

எங்கள் அப்பா அம்மாவுக்கு அங்கே வீடு கிடைக்குமா?

இதை மெதுவாக, ஹியரிங் முடிந்து வெளியே வந்தபிறகு கேட்பார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

செக்‌ஷன் 202 என்றால் வீட்டில் ஒருவருக்காவது 62 வயதாகியிருக்க வேண்டும், வருமானம் ஏ.எம்.ஐ.யில் பாதிக்குள் இருக்க வேண்டும். செக்‌ஷன் 8 உதவிக்கு 1980-ன் சட்டப்படி குடியேற்ற நிலை பார்க்கப்படும், கிரீன் கார்டு உள்ளவர் அதில் தகுதியானவர் பட்டியலில் வருவார், விசிட்டர் விசாவில் வந்திருப்பவர் வரமாட்டார். வருமானம் கணக்கிடும்போது அந்த வீட்டில் வாழ்பவர்களின் வருமானத்தைத்தான் பார்ப்பார்கள். மகன் பெரிய கம்பெனியில் இருக்கிறார் என்பது மட்டும் தடையாகாது, ஆனால் மாதாமாதம் தவறாமல் அவர் கொடுக்கும் பணம் வருமானமாக எண்ணப்படும். ஊரில் வீடு வாடகைக்கு விட்டிருந்தால் அதையும் சொல்லியாக வேண்டும். மறைத்தால் பின்னால் வீடே போகும்.

நம்ம ஊர்க்காரர்களுக்கே முதலிடம் கொடுக்கலாமே என்பார்கள். ஓரளவு கொடுக்கலாம், ஆனால் ஏற்கெனவே ஒரே இனத்தவர் வாழும் ஊர் உள்ளூர்க்காரருக்கே எல்லாவற்றையும் ஒதுக்கினால் அது வீடு தருவதில் பாகுபாட்டைத் தடுக்கும் நியாய வீட்டு வசதிச் சட்டத்தோடு மோதும். நியூயார்க் நகரம் வட்டாரவாசிகளுக்கு வைத்திருந்த 50 சதவீத ஒதுக்கீடு, 2024-ல் ஒரு வழக்கின் சமரசத்தில் 20 ஆகக் குறைந்தது, 2029-ல் 15 ஆகும்.

முதியோருக்கு என்று சொல்லிவிட்டு யாரை வேண்டுமானாலும் குடிவைத்துவிட மாட்டார்களா?

மாட்டார்கள், குடிவைக்கவும் முடியாது. குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு வீடு மறுப்பது 1988-லிருந்து மத்திய சட்டப்படி சட்டவிரோதம். முதியோர் குடியிருப்புக்கு மட்டும் விலக்கு: ஒன்று, எல்லாருமே 62-ஐ எட்டியவர்கள், அல்லது, குறைந்தது 80 சதவீத வீடுகளில் ஒருவராவது 55-ஐ எட்டியவர், அல்லது அரசின் முதியோர் திட்டத்தில் கட்டியது. அந்தக் கணக்குத் தவறினால் விலக்கே போய்விடும் என்பதால் நிர்வாகம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துக்கொள்ளும்.

எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. பல ஊர்கள் முதியோர் வீட்டைச் சந்தோஷமாக வரவேற்பதே பள்ளியில் பிள்ளைகள் கூடமாட்டார்கள் என்பதால்தான். இளம் குடும்பங்களுக்கான மானிய வீட்டை ஓரங்கட்டிவிட்டு இதை மட்டும் கட்டிக் கணக்கை முடித்துக்கொள்வார்கள். நியூ ஜெர்சி அதனால்தான் ஊர்களின் மானிய வீட்டுக் கணக்கில் முதியோர் வீட்டின் பங்குக்கு ஒரு உச்சவரம்பு வைத்திருக்கிறது.

பார்க்கிங்? ட்ராஃபிக்?

முதியோர் வீட்டில் கார் குறைவு, காலை எட்டு மணி நெரிசலில் அவர்கள் கிளம்புவதும் குறைவு. கலிபோர்னியாவில் பெரிய பஸ், ரயில் நிறுத்தத்திலிருந்து அரை மைலுக்குள் பெரும்பாலான திட்டங்களுக்குக் குறைந்தபட்ச பார்க்கிங் கேட்கவே 2022-ன் ஏ.பி. 2097 அனுமதிப்பதில்லை. அங்கே சுற்றுச்சூழல் ஆய்விலும் சிக்னலில் எத்தனை வினாடி தாமதம் என்பது இப்போது கணக்கில் வராது, மொத்தம் எத்தனை மைல் கார் ஓடும் என்பதுதான் வரும். ‘தெருவில் நிறுத்த இடம் இருக்காது’ என்று பத்துப் பேர் வரிசையாகச் சொல்வதைவிட ஒருவர் எழுந்து, வீட்டு உதவிக்கு வரும் பணிப்பெண்கள் எங்கே நிறுத்துவார்கள், ஆம்புலன்ஸ் எந்த வாசலுக்கு வரும் என்று கேட்டால் அதற்குப் பதில் வரைந்து காட்டியாக வேண்டும்.

எங்கள் வீட்டு விலை இறங்குமா?

பணக்கார வட்டாரம் என்றால் கொஞ்சம் இறங்கலாம், ஏழை வட்டாரம் என்றால் ஏறலாம். ஸ்டான்ஃபோர்டின் ரெபெக்கா டயமண்டும் டிம் மெக்வேடும் 2019-ல் வெளியிட்ட ஆய்வு வரிச் சலுகைக் கட்டடங்களைச் சுற்றிய வீட்டு விலைகளைப் பார்த்தது. குறைந்த வருமான வட்டாரத்தில் பத்தில் ஒரு மைல் தூரத்துக்குள் விலை சுமார் 6.5 சதவீதம் கூடியிருந்தது. சிறுபான்மையினர் குறைவாக வாழும் உயர் வருமான வட்டாரத்தில் சுமார் 2.5 சதவீதம் குறைந்திருந்தது. அவர்கள் பார்த்தது எல்லாவித வரிச் சலுகைக் கட்டடங்களையும், முதியோருடையதை மட்டும் தனியாக அல்ல. எப்படியானாலும் உங்கள் வீட்டு விலையைக் காரணமாக வைத்து மறுக்கக் கமிஷனால் முடியாது, அதைப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

சுற்றுச்சூழல் அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கம். எதைப் படிப்பது?

சுருக்கம், பாதிப்பைக் குறைக்கும் தணிப்பு நடவடிக்கைகளின் பட்டியல், இரைச்சல், மண் மாசு. இந்த நான்கு போதும். மத்திய வீட்டு வசதித் துறையான ஹட் பணம் வந்தால், வெளியே நாள் சராசரி 65 டெசிபலுக்கு மேல் இரைச்சல் உள்ள இடத்தைச் சாதாரணமாக ஏற்காது, இரட்டைக் கண்ணாடி ஜன்னல் மாதிரி ஏதாவது செய்ய வேண்டும். நெடுஞ்சாலை ஓரத்தில் முதியோரைக் குடிவைக்கும் திட்டங்களில் இது முக்கியம். குடியிருப்பவர்கள் போடும் சத்தத்தைச் சுற்றுச்சூழல் பாதிப்பாகச் சொல்ல முடியாது என்று கலிபோர்னியா 2023-ல் சட்டமே போட்டுவிட்டது, அதை எழுதாதீர்கள்.

ஹட் பணம் வரும் திட்டத்தில், பெரிய பாதிப்பு இல்லை என்ற முடிவை உள்ளூர் நிர்வாகம் அறிவித்தால் கருத்துச் சொல்லப் பொதுவாக 15 நாள், பிறகு ஹட் அலுவலகத்துக்கு ஆட்சேபம் அனுப்ப 15 நாள். அறிவிப்பு நீங்கள் பார்க்காத ஒரு பத்திரிகையின் மூலையில் வரும்.

மூன்று நிமிடத்தில் என்ன பேசுவது?

ஒரே ஒரு விஷயம், அதுவும் கமிஷன் நிபந்தனையாக எழுதக்கூடிய விஷயம். ‘வயதானவர்களை மதியுங்கள்’ என்றால் தலையாட்டுவார்கள், குறிப்பேட்டில் ஒன்றும் ஏறாது. ‘பஸ் நிறுத்தத்துக்கும் வாசலுக்கும் நடுவில் நிழலோடு ஒரு பெஞ்ச்’, ‘இரண்டு லிஃப்ட், ஒன்று பழுதானாலும் ஓடும்படி, மின்வெட்டிலும் ஒன்றுக்கு ஜெனரேட்டர்’, ‘இடிக்கும் வேலை காலை எட்டுக்கு முன் வேண்டாம்’ என்றால் அப்படியே எழுதிக்கொள்ளலாம். மத்திய உதவி பெறும் புதுக் கட்டடத்தில் 5 சதவீத வீடுகள் நடமாட்டக் குறைபாடு உள்ளவருக்கும் 2 சதவீதம் பார்வை, செவிக் குறைபாடு உள்ளவருக்கும் ஏற்றதாக இருந்தாக வேண்டும். அது குறைந்தபட்ச அளவுதான், முதியோர் கட்டடத்துக்கு அது எப்படிப் போதும்? அதைக் கூட்டக் கேளுங்கள்.

இங்கே யார் வருவார்கள், எந்த நாட்டுக்காரர், எப்படிப்பட்டவர் என்ற பேச்சை மட்டும் எடுக்காதீர்கள். அப்படிப்பட்ட பேச்சுக்குப் பணிந்து மறுத்தால் ஊரே வழக்கில் மாட்டும். அதோடு, நம்மைப் பற்றியும் ஒரு காலத்தில் இதே மாதிரி எங்கோ பேசியிருப்பார்கள்.

நேரில் போக முடியாது. எழுதினால் படிப்பார்களா?

படிப்பார்கள், அதிகாரிகள் குறிப்புத் தயாரிக்கும் முன்பே வந்தால். ஹியரிங் அன்று மதியம் அனுப்பியது மேஜையில் ஒரு கட்டாகக் கிடக்கும். கலிபோர்னியாவில் வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்பே ஒட்ட வேண்டும், ஆனால் அதிகாரியின் பரிந்துரை அதற்குள் எழுதி முடிந்திருக்கும். அதனால் தபால் அட்டை வந்த வாரமே எழுதுங்கள்.

பேச வருபவர்கள் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாசசூசெட்ஸ் ஊர்களின் ஹியரிங் பதிவேடுகளை பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசியபோது, பேசியவர்களில் ஆண்களும் வயதானவர்களும் சொந்த வீட்டுக்காரர்களும் ஊர் விகிதத்தைவிடக் கூடுதலாக இருந்தார்கள், பெரும்பான்மை எதிர்ப்புதான். பழைய கட்டடத்தில் இருப்பவர்கள் இரவு ஏழு மணிக் கூட்டத்துக்கு வருவது அரிது. உங்களிடம் கார் இருந்தால் இருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆங்கிலம் தடை என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சில நாள் முன்பே நகராட்சியில் கேளுங்கள், இல்லாவிட்டால் பக்கத்தில் நின்று நீங்களே சொல்லுங்கள்.

டெவலப்பர் மேடையில் சொன்னதெல்லாம் நடக்குமா?

எழுத்தில் இருப்பது நடக்கும். அனுமதி நிபந்தனைகளும், நிலத்தின் பத்திரத்தோடு பதிவாகும் வாடகைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தமும்தான் கணக்கு. வரிச் சலுகைக் கட்டடத்துக்கு மத்திய சட்டப்படி குறைந்தது 30 வருடக் கட்டுப்பாடு, கலிபோர்னியாவில் 55. இரவுக் காவலர், வாரம் ஒருநாள் நர்ஸ், சமூகக் கூடம் எல்லாம் படக்காட்சியில் அழகாக இருக்கும், ஒப்பந்தத்தில் தேடினால் பாதி இருக்காது.

முடிவு பிடிக்கவில்லை. இனி என்ன?

மேல்முறையீடு, பிறகு நீதிமன்றம், ஆனால் கெடு மிகக் குறைவு. மாசசூசெட்ஸில் வாரியத்தின் முடிவு ஊர் எழுத்தரிடம் பதிவான 20 நாளுக்குள். கலிபோர்னியாவில் சுற்றுச்சூழல் வழக்கு என்றால் திட்டத்துக்கு ஒப்புதல் தந்ததைச் சொல்லும் தீர்மான அறிவிப்புப் பதிவான நாளிலிருந்து 30 நாள், ஆய்வே தேவையில்லை என்று சொல்லும் விலக்கு அறிவிப்பு என்றால் 35. அதிலும் ஹியரிங்கிலோ கடிதத்திலோ யாரும் எழுப்பாத புது வாதத்தை நீதிமன்றத்தில் திடீரென்று கிளப்ப முடியாது.

ஒப்புதல் கிடைத்துவிட்டது. எப்போது குடிவருவார்கள்?

உடனே எதுவும் நடக்காது. ‘9 சதவீதம்’ என்று அழைக்கப்படும் பெரிய வகை வரிச் சலுகைக்கு மாநில அளவில் போட்டி, ஒரு சுற்றில் கிடைக்காவிட்டால் அடுத்த சுற்று. கிடைத்தபின் கட்டி முடித்துப் பயன்பாட்டுக்குக் கொண்டுவரப் பொதுவாக ஒதுக்கீடு பெற்ற ஆண்டுக்கு அடுத்த இரண்டாம் ஆண்டின் முடிவு வரை கெடு. விண்ணப்பப் பட்டியலைக் கட்டடம் முடியும் முன்பே திறப்பார்கள், சில இடங்களில் லாட்டரி, திறந்திருக்கும் நாட்களும் கொஞ்சம்தான். அப்பா அம்மாவுக்கு வேண்டுமென்றால் நிர்வாக நிறுவனத்தின் அறிவிப்புப் பட்டியலில் இப்போதே பெயர் கொடுத்து வையுங்கள்.